ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?

கடலூரில், திருப்பாதிரிப்புலியூர் லாரன்ஸ் சாலையில் ஒரு துணிக்கடை. பொங்கலுக்கு முந்திய வாரம். தந்தைக்கு ஒரு வேட்டி எடுத்தேன். தாய்க்கு ஒரு நூற்புடவை. பொருள் மேசைமீது, பணம் என் கையில். கொடுத்தோம், பெற்றோம், புறப்பட்டோம் என்று முடிந்திருக்க வேண்டிய காரியம். முடிந்ததா? இல்லை!

"போன் நம்பர் சொல்லுங்கள், மேடம்" என்றார் கல்லாவிலிருந்த இளைஞர்.

"வேட்டி விற்க என் எண் எதற்கு, தம்பி?"

"பில் போடத்தான்."

"எண் இல்லாமல் போடுங்கள்."

அவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வெறுமையாக ஒரு கட்டம். அதன் ஓரத்தில் சிவப்பாய் ஒரு புள்ளி. "இதை நிரப்பாவிட்டால் அடுத்த பக்கம் போகாது, மேடம். நான் என்ன செய்வேன்?" என்றார். பொய்யில்லை. அவரும் என்னைப்போல் மாதச் சம்பளக்காரர். கட்டத்தை வரைந்தவர் எங்கோ ஒரு குளிர்ந்த அறையில் இருக்கிறார். அவருக்காக வாடிக்கையாளரிடம் வசவு வாங்குகிறவர் இவர்.

எனக்குப் பின்னால் வரிசை நீண்டது; முணுமுணுப்பு எழுந்தது. "சொல்லிவிட்டுப் போம்மா, நம்பரில் என்ன முத்தா கொட்டிக் கிடக்கிறது?" என்றார் ஒரு பெரியவர். இடுப்பில் குழந்தையோடு நின்ற அம்மையார் அதற்கும் ஒருபடி மேலே போனார்: "ஒளிப்பதற்கு ஏதாவது இருந்தால்தானே பயப்படவேண்டும்?"

இளைஞரே ஒரு வழி கண்டார். ஒன்பது என்ற எண்ணைப் பத்துமுறை தட்டினார். கட்டம் நிறைந்தது, சிவப்புப் புள்ளி மறைந்தது, பட்டியல் வந்தது. இத்தனை வாக்குவாதத்துக்கும் காரணமான எண், பத்து ஒன்பதுகளாக இருந்தாலும் போதுமாம்! வேட்டி விற்க அது தேவையே இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமா? மைய அரசின் நுகர்வோர் துறையே 2023 மே மாதத்தில், கைப்பேசி எண்ணைத் தந்தால்தான் பொருள் தருவோமென வற்புறுத்தக் கூடாது என்று வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அறிவுரை தில்லியிலே பிறந்தது. லாரன்ஸ் சாலைக்கு வந்துசேர அதற்கு வண்டி கிடைக்கவில்லை போலும்!

மறுநாள் ஆசிரியர் அறையில் இதைச் சொன்னேன். சிரித்தார்கள். கணக்காசிரியர் சொன்னார்: "ஊரே கொடுக்கிறது, உனக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? நம்பர் கொடுத்தால் ஐம்பது ரூபாய் தள்ளுபடி. கொடுக்காமல் வந்தது உனக்கு நட்டம்." சரியான கணக்குதான். நான் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு ஐம்பது ரூபாய் தண்டம் என்று அதையே திருப்பிப் போட்டாலும் விடை அதேதான் வரும். உடற்பயிற்சி ஆசிரியர் சொன்னார்: "எல்லாம் ஏற்கெனவே போய்விட்டது. போனதற்கு இப்போது என்ன காவல்?" அவர் சொன்னதில் களைப்பு இருந்தது, அதை நான் பழிக்கமாட்டேன்.

ஓர் ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை. பிறகு தனியே சொன்னார். மனச்சோர்வுக்காக அவர் சில மாதங்கள் மாத்திரை உண்டவர். வீட்டில் கணவர் அறிவார், வேறொருவரும் அறியார். மருந்துக்கடையில் எண் கேட்டார்கள், கொடுத்தார். ஒரு மாலை, கைப்பேசி மாமியார் கையில் இருந்தபோது, கடையிலிருந்து கனிவான ஒரு செய்தி வந்தது, மருந்து தீர்ந்திருக்கும், மறவாமல் வாங்குங்கள் என்று, மாத்திரையின் பெயரோடு! கடைக்குப் பகையில்லை, கெடுநினைவும் இல்லை, வணிகம் செய்தது. அந்த வீட்டில் அதன்பிறகு அவர் உரக்கச் சிரித்தாலும் அழுதாலும் அதற்கு ஒரு காரணம் கற்பிக்கப்படுகிறது.

இவ்வளவும் சொல்கிற நான், ஓராண்டுக்கு முன் அந்தத் துணிக்கடை வரிசையில்தான் நின்றிருந்தேன் — பின்னால்! "ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?" என்பது அந்த அம்மையார் கண்டுபிடித்த மொழியன்று, என் வாயிலிருந்தும் வந்ததுதான். வந்த இடத்தைச் சொல்லவேண்டும். சொல்லக் கூசுகிறது, எனினும் சொல்கிறேன்.

நான் சிதம்பரத்துக்காரி. தேரோடும் வீதிக்கு அடுத்த தெருவில் எங்கள் வீடு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தேன். உடன் படித்தவள் ஒருத்தி. சிதம்பரத்துக்குச் சற்றுத் தொலைவில் உள்ள சிற்றூர். ஒரே வகுப்பு, ஒரே பட்டம்; மதிப்பெண்ணில் அவளே மேல். இருவருக்கும் கடலூரில் ஒரே பள்ளியில் வேலை கிடைத்தது. ஒரே ஊதியம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நாள்தோறும் இரயிலில் எண்ணி எண்ணி அலுத்து, புதுப்பாளையத்தில் ஒரு மாடி வீட்டை இருவருமாகப் பார்த்தோம். நல்ல காற்று, அளவான வாடகை, பள்ளிக்கு நடந்தே போகலாம். வீட்டுக்காரர் இனியவர், காப்பி கொடுத்தார். ஆசிரியைகள் என்றதும் மகிழ்ந்தார். எந்த ஊர் என்றார், சொன்னோம். ஊரில் எந்தப் பக்கம் என்றார், நான் சொன்னேன், அவள் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தாள். இறுதியாக, "இரண்டு பேருடைய ஆதார் ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரு பாதுகாப்புக்குத்தான்" என்றார்.

அவள் தயங்கினாள். கைப்பையைத் திறக்காமலே, "நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன், சார்" என்றாள். நான் அவளைப் பார்த்து, என் நகலை நீட்டிக்கொண்டே சொன்னேன்: "இருக்கிறதே, கொடுத்துவிடு. ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?"

கொடுத்தாள். அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கிப் படித்தார். பெயரைப் படித்தார், தந்தை பெயரைப் படித்தார், முகவரிக்கு வந்தார். ஊர்ப்பெயருக்கு முன்னால் 'காலனி' என்று ஒரு சொல். அவ்வளவுதான்! கடுஞ்சொல் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. வீட்டில் கலந்துகொண்டு மாலையில் சொல்கிறேன் என்றார். மாலையில் சொல்லவும் செய்தார், என் கைப்பேசிக்கு மட்டும்: "நீங்கள் ஒருவர் மட்டும் வருவதானால் வரலாம், அம்மா."

நான் அந்த வீட்டுக்குப் போகவில்லை. அதைத் தியாகமென்று எவரும் எண்ணிவிட வேண்டாம். ஏன் வரவில்லை என்று அவர் கேட்டபோது, "பள்ளிக்குத் தொலைவாக இருக்கிறது" என்றேன். நடந்துபோகும் தொலைவில் உள்ள வீடு! வரலாற்று வகுப்பில் நிமிர்ந்து நின்று சுயமரியாதை பேசுகிற வாய், ஒரு கிழவரிடம் உண்மையைச் சொல்ல அஞ்சிப் பொய் சொல்லிற்று. என் தோழியிடம் அந்தத் தொலைபேசிச் செய்தியைச் சொல்லவே எனக்கு நான்கு நாள் ஆயிற்று. அவள் வியக்கவில்லை. "அதனால்தான் நாளைக்குத் தருகிறேன் என்றேன்" என்றாள்.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. ஒளிப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை என்று நான் மார்தட்டியது என் நேர்மையால் அன்று, என் தெருவால்! என் முகவரி எனக்குக் கதவைத் திறந்துவிடுகிறது. ஆகவே அதைத் தூக்கிக் காட்டுவதில் எனக்கு இழப்பில்லை. அவள் முகவரி கதவைச் சாத்துகிறது. இருவரிடமும் கேட்கப்பட்டது ஒரே தாள். கேட்டது ஒன்று, விலை இரண்டு.

சிதம்பரத்தில் பிறந்தவளுக்கு இது புதுக்கதையா? ஆதனூர் நந்தன் தில்லைக்கு வந்து, எல்லைக்கு வெளியே நின்று, உள்ளே நுழைய அஞ்சி ஊரைச் சுற்றிச் சுற்றி வந்தான் என்று பக்தர்களே பாடி வைத்திருக்கிறார்கள். அவனிடம் எவரும் அட்டை கேட்கவில்லை. ஆதனூரில் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் போதுமே! தீயில் மூழ்கித்தான் உள்ளே போகமுடிந்தது என்ற அந்தக் கதையைப் புண்ணியமாகக் கேட்டுவந்த அதே ஊரில், 1916-இல் சுவாமி சகஜானந்தர் நந்தன் பெயரால் ஒரு பள்ளியைத் தொடங்கினார். என் தோழியின் பாட்டனார் அங்கே எழுத்தறிந்தவர். மூன்று தலைமுறைப் படிப்பு, ஒரு சொல்லின் முன்னால் — முகவரியில் இருந்த ஒரு சொல்லின் முன்னால் — காப்பிக் கோப்பையோடு மௌனமாக உட்கார்ந்திருந்தது.

1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதிப் பட்டத்தை வெட்டியெறியச் சொன்னது. வெட்டினோம். இந்த நாட்டில் வேறெங்கும் இந்த அளவுக்கு நடைபெறாத வேலை அது. இன்றும் வடபுலத்துப் படிவங்கள் நம்மிடம் குடும்பப் பெயரைக் கேட்டு, இல்லை என்றதும் திகைக்கின்றன. அந்தத் திகைப்பைக் காணும்போதெல்லாம் எனக்கு ஒரு மகிழ்ச்சி! ஆனால் பெயரின் வாலை நறுக்கிய நாம் முகவரியின் வாலை விட்டுவிட்டோம். தெருவின் பெயரும் 'காலனி'யும் பட்டத்தின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் தமிழக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வேண்டிய அறிவிப்பு. என் தோழியின் கைப்பையில் இருக்கும் அட்டை அந்த அறிவிப்பைக் கேட்கவில்லை. அது பழைய பல்லவியையே பாடுகிறது.

எண்ணை மறைத்த ஆதார் என்று ஒன்று உண்டு. இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டு இலக்கத்தில் முதல் எட்டு மறைந்திருக்கும். கடைசி நான்கு மட்டும் தெரியும். எண்ணைக் கொண்டு மோசடி செய்வார்களே என்று அஞ்சிச் செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு; நானும் அதைத்தான் இப்போது கொடுக்கிறேன். ஆனால் அந்தத் தாளிலும் தந்தை பெயர் இருக்கிறது, தெரு இருக்கிறது. எண்ணுக்குத் திரை போட்டவர்களுக்குத் தெருவுக்கும் திரை வேண்டியிருக்கும் என்று தோன்றவில்லை. தோன்றவேண்டிய தேவையில்லாத தெருக்களில் வளர்ந்தவர்களாக இருக்கும் — என்னைப்போல.

சட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு. நம் தமிழ் மண்ணிலிருந்தே ஒரு வழக்கு போயிற்று: சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை நக்கீரன் இதழ் வெளியிடலாமா என்ற வழக்கு. 1994-இல் உச்ச நீதிமன்றம், அச்சேறுமுன் அதைத் தடுக்க அரசுக்கு உரிமையில்லை என்றது. அதே தீர்ப்பில், தன்னைத் தன்பாட்டில் இருக்கவிடு என்று கேட்கக் குடிமகனுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று அறுதியிட்டார்கள். 2018 செப்டம்பரில் ஆதார் சட்டம் செல்லும் என்ற பெரும்பான்மைத் தீர்ப்பும்கூட, தனியார் நிறுவனங்கள் அதைக் கேட்க இடம்தந்த 57-ஆம் பிரிவை அடித்துவிட்டது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. நிறுவனங்களின் முதன்மைக் கடமைகளுக்கு மேலும் 18 மாத அவகாசம். அச்சட்டமும் மின்வடிவில் உள்ள தரவுக்குத்தான். வீட்டுக்காரரின் இழுப்பறையில் கிடக்கும் நகல்தாளை அது தீண்டாது. ஒன்பது நீதிபதிகள் தில்லியில் இருக்கிறார்கள். இழுப்பறை புதுப்பாளையத்தில் இருக்கிறது!

கணினி வேண்டாம், கைப்பேசி வேண்டாம் என்று சொல்கிறவள் நானல்லள். இந்தக் கட்டுரையையும் கைப்பேசியில்தான் எழுதுகிறேன். முன்பு கடைக்காரர் சில்லறையை நம் கையில் தொடாமல் போட்ட காலம் இருந்ததென்று என் தோழியின் தாய் சொல்வார். இன்று பணம் கண்ணுக்குத் தெரியாமல் கைமாறுகிறது, அங்கே தீண்டாமைக்கு இடமில்லை. அது இலாபம். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து "நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்ட கிழவரின் கேள்வியை, கட்டமும் சிவப்புப் புள்ளியும் போட்டு ஒரு பொறி கேட்டால், அதை அறிவியல் என்று வணங்கவேண்டுமா? கிழவரையாவது, "அது உங்களுக்கு எதற்கு, ஐயா?" என்று திருப்பிக் கேட்கலாம். நான் கேட்கவில்லை என்பது வேறு.

துணிக்கடையில் நான் பிடித்த பிடிவாதம் பெரிய போராட்டமன்று, எனக்குத் தெரியும். எண்ணைக் கொடுத்திருந்தால் எனக்கு ஒன்றும் நேர்ந்திராது. ஒன்றும் நேராதவர்கள் மறுத்துப் பழகினால்தான், நேரக்கூடியவர்கள் மறுக்கும்போது வரிசை முணுமுணுக்காதிருக்கும் என்று எண்ணினேன், அவ்வளவே.

சென்ற வாரம் அவள் மஞ்சக்குப்பத்தில் வேறொரு வீடு பார்க்கப் புறப்பட்டாள். இன்றும் சிதம்பரத்திலிருந்து இரயிலில்தான் வருகிறாள். ஜெராக்ஸ் கடைக்கு நானும் உடன் போனேன். அட்டையைக் கண்ணாடிமீது வைக்கும்முன், ஒரு வெள்ளைத்தாளைக் கிழித்து, முகவரியின்மேல் பொருத்தமாக வைத்தாள். நகல் வந்தது. கடைக்காரர் அதைத் தூக்கிப் பார்த்து, "அட்ரஸ் விழவில்லையே அக்கா, மறுபடி எடுக்கட்டுமா?" என்றார்.

"வேண்டாம்" என்றாள். இரண்டு ரூபாய் கொடுத்துவிட்டு நடந்தோம்.