பழகிய கையும் புதிய திரையும்

ஒரு கருவி செம்மையாக அமைந்திருப்பதற்கு அடையாளம், அதைக் கையாள்பவர் கருவியை மறந்து தம் வேலையை மட்டுமே நினைப்பதாகும். தச்சர் உளியைப் பிடிக்கும்போது உளியைப் பற்றி எண்ணுவதில்லை. மரத்தில் எழவிருக்கும் வடிவத்தையே எண்ணுகிறார். நெசவாளர் நாடாவைக் கண்ணால் தேடுவதில்லை. அது இருக்கும் இடத்தை அவருடைய கை அறியும். பல ஆண்டுப் பழக்கத்தால் கையில் குடியேறிய இவ்வறிவை எந்த நூலிலும் முழுமையாக எழுதிவிட இயலாது. உளியின் பிடியை ஒருவர் ஓர் இரவில் மாற்றியமைத்துவிட்டால், தேர்ந்த தச்சரும் மறுநாள் காலையில் புதிதாகத் தொழில் கற்பவர்போல் தடுமாறுவார்.

கணினியும் இன்று அத்தகையதொரு கருவியே. அதன் உள்ளே நிகழும் கணக்குகளைப் பயனர் காண்பதில்லை. அவர் காண்பவை திரையில் உள்ள பட்டிகள், பணிக்குறிகள், உரையாடல் பெட்டிகள் ஆகியவை மட்டுமே. மனிதருக்கும் மென்பொருளுக்கும் இடையே நிற்கும் இந்த முகப்பையே ‘இடைமுகம்’ என்கிறோம். இடைமுகத்தை மாற்றுவது சுவருக்கு வண்ணம் பூசுவது போன்றதன்று. பல இலட்சம் மனிதரின் கைப்பழக்கத்தைத் தொடும் செயல் அது. அச்செயலில் ஒரு மாணவர் பங்கேற்ற வரலாறு, லிப்ரே ஆஃபிஸ் என்னும் மென்பொருளின் வரலாற்றோடு இணைந்துள்ளது.

பதினாறு வயதில் விதைத்த விதை

இம்மென்பொருளின் தொடக்கமே ஓர் இளைஞரிடம் இருக்கிறது. ஜெர்மனியின் லூனபர்க் நகரில், 1985ஆம் ஆண்டு, மார்கோ பொரிஸ் என்னும் பதினாறு வயது இளைஞர் ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். மேல்நிலை வகுப்பில் பயிலும் ஒருவரின் வயது அது. ஆவணங்களைத் தட்டச்சு செய்து அழகுற அமைக்க உதவும் ஸ்டார் ரைட்டர் என்ற மென்பொருளை அந்நிறுவனம் உருவாக்கியது. காலப்போக்கில் கணக்குத்தாள், படக்காட்சி முதலிய பகுதிகளும் சேர்ந்து அது ஸ்டார் ஆஃபிஸ் என வளர்ந்தது.

1999ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் ஸ்டார் டிவிஷனை விலைக்கு வாங்கியது. அடுத்த ஆண்டே அம்மென்பொருளின் மூலநிரலை உலகத்தார் அனைவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் ஏற்றவகையில் திறந்துவைத்தது. ஓப்பன் ஆஃபிஸ் என்ற பெயரில் அது பரவியது. தமிழ்நாட்டின் மேல்நிலைக் கணினிப் பாடநூல்களிலும் இடம்பெற்றது. 2010இல் சன் நிறுவனம் ஆரக்கிளின் கைக்கு மாறியபின், தன்னார்வலர் பலர் ஒன்றுகூடி அம்மூலநிரலிலிருந்து தனிக்கிளையொன்றை வளர்க்க முடிவுசெய்தனர். அக்கிளையே லிப்ரே ஆஃபிஸ். டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்னும் அறக்கட்டளை அதைப் பேணிவருகிறது.

மூலநிரல் திறந்தது என்பதாலேயே அது எல்லார்க்கும் எளிதில் புரிந்துவிடுவதில்லை. நிரல் வரிகளுக்கிடையே நிரலர்கள் எழுதிவைக்கும் விளக்கக் குறிப்புகளுள் பல ஜெர்மன் மொழியில் இருந்தன. அவற்றை ஆங்கிலத்தில் பெயர்ப்பதே புதிதாக வருவோர்க்குத் தரப்பட்ட தொடக்கப் பணிகளுள் ஒன்றாயிற்று. நிரல் எழுதும் பெருந்திறமை அப்பணிக்குத் தேவையில்லை. பொறுமையும் மொழியறிவும் போதும். பெருங்கோயிலின் திருப்பணியில் கல் சுமப்போருக்கும் இடமுண்டு. அதுபோல இங்கும் சிறு பணிகளுக்கு இடமிருந்தது.

நெருக்கடியான திரை

பழைய அலுவலக மென்பொருள்களின் திரையில் மேலே ஒரு வரிசைப் பட்டிகள் இருக்கும். அவற்றின் கீழே சிறு பணிக்குறிகள் நிறைந்த கருவிப்பட்டைகள் அமையும். ஒவ்வொரு பதிப்பிலும் புதிய வசதிகள் சேரச்சேர, பட்டிகள் நீண்டன, பணிக்குறிகள் பெருகின. ஒரு வசதி மென்பொருளில் இருந்தும் அது எங்கே இருக்கிறது என்று அறியாமல் பயனர் தவிக்கும் நிலை உண்டாயிற்று. பொருள்கள் நிறைந்த பரணில் வேண்டிய பாத்திரத்தைத் தேடுவதற்கு ஒப்பானது அது.

2007ஆம் ஆண்டின் அலுவலக மென்பொருளில் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் இதற்கொரு தீர்வை முன்வைத்தது. பட்டிகளை நீக்கி, கருவிகளைத் தொகுதி தொகுதியாகப் பிரித்துக் காட்டும் ‘ரிப்பன்’ என்ற அகன்ற பட்டையை அது அமைத்தது. புதிதாகக் கற்பவர் பலர்க்கு அது தெளிவாக இருந்தது. பழைய பட்டிகளிலே கைதேர்ந்தவர்களோ தாம் அறிந்த வசதிகளையே மீண்டும் தேட வேண்டியிருந்தது.

மாற்றம் எத்துணை எச்சரிக்கையோடு செய்யப்பட வேண்டும் என்பதற்கு மற்றுமொரு சான்றும் உண்டு. 2012இல் வெளிவந்த விண்டோஸ் 8 இயங்குதளத்தில், 1995 முதல் திரையின் கீழ்மூலையில் இருந்துவந்த ‘ஸ்டார்ட்’ பொத்தான் நீக்கப்பட்டது. தொடுதிரைக்கு ஏற்ற புதிய முகப்பு அதற்கு மாற்றாக வந்தது. பயனரின் குறைகூறல் பெருகவே, அடுத்த ஆண்டு வெளிவந்த 8.1 பதிப்பில் அப்பொத்தான் மீண்டும் இடம்பெற்றது. அது அளவிற் சிறியது. ஆனால், கோடிக்கணக்கான கைகள் நாள்தோறும் தேடிச்சென்ற இடம் அது.

மூன்று மாதப் பணி

கட்டற்ற மென்பொருள் உலகிற்கு மாணவரை அழைத்துவரும் நோக்கில், 2005ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் ‘சம்மர் ஆஃப் கோட்’ என்னும் திட்டத்தைத் தொடங்கியது. மென்பொருளை உருவாக்கும் அமைப்புகள் தமக்குத் தேவையான பணிகளைப் பட்டியலிடும். 2021 வரை, அவற்றுள் ஒன்றை மாணவர் தேர்ந்து, அதை எவ்வாறு செய்து முடிக்கப்போகிறார் என்று ஒரு முன்மொழிவு எழுதி அனுப்புவார். தேர்ந்தெடுக்கப்பட்டவர்க்கு அனுபவம் மிக்க வழிகாட்டி ஒருவர் அமைவார். அக்காலத்தில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் பணி நடைபெறும். இடையிலும் இறுதியிலும் மதிப்பீடு உண்டு, உதவித்தொகையும் உண்டு. வழிகாட்டியும் மாணவரும் வெவ்வேறு நாடுகளில் இருந்துகொண்டே சேர்ந்து உழைப்பது இதில் இயல்பான நடைமுறை.

2016ஆம் ஆண்டு இத்திட்டத்தின்கீழ் லிப்ரே ஆஃபிஸின் இடைமுகம் ஒரு மாணவரின் பணியாயிற்று. கருவிகளைத் தாவல்களாகவும் தொகுதிகளாகவும் காட்டும் புதியதொரு பட்டைக்கு அவர் அடித்தளம் அமைத்தார். ‘நோட்புக்பார்’ என்பது அதன் பெயர். கேட்பதற்கு எளிய பணியாகத் தோன்றலாம். முப்பது ஆண்டுப் பழமையுடைய, பல இலட்சம் வரிகள் கொண்ட நிரலுக்குள் புகுந்து, எதையும் உடைக்காமல் ஒன்றைச் சேர்ப்பதில்தான் அதன் அருமை இருக்கிறது.

ஒரு சிக்கலை மட்டும் சான்றாகக் கொள்ளலாம். அகன்ற திரையில் நன்கு தோன்றும் பட்டை, சிறிய மடிக்கணினியில் சாளரத்தை விட்டு வெளியே நீண்டுவிடும். எல்லாக் கருவிகளையும் ஒரே சீராகச் சுருக்கினால் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. எனவே கருவித் தொகுதிகளுக்கு முன்னுரிமை வரிசை ஒன்று வகுக்கப்பட்டது. சாளரம் குறுகக் குறுக, முன்னுரிமை குறைந்த தொகுதிகள் முதலில் ஒடுங்கும். அடிக்கடி வேண்டப்படுபவை நிலைத்து நிற்கும். இவ்வாறு எது முதன்மையானது, எது பின்வாங்கலாம் என்று முடிவுசெய்ய, நிரலறிவோடு மனிதர் வேலைசெய்யும் முறையைக் கூர்ந்து நோக்கும் அறிவும் வேண்டும்.

மொழிகளுக்கு இடம்

புதிய பட்டையின் அமைப்பு, நிரலுக்குள் புதைக்கப்படாமல் தனிக்கோப்புகளில் எழுதப்பட்டது. இதன் பயனை அறியப் பழைய முறையை நினைவுகூர வேண்டும். முன்பு உரையாடல் பெட்டிகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் பொத்தானுக்கும் இடமும் அகலமும் எண்களால் இறுதிசெய்யப்பட்டிருந்தன. ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து ஒதுக்கிய இடத்தில் வேறு மொழிச்சொல் நீண்டுவந்தால், அதன் வால் வெட்டுண்டு போகும்.

லிப்ரே ஆஃபிஸ் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் கிடைப்பது. ஆங்கிலத்தில் நான்கே எழுத்துகளில் அடங்கும் ‘போல்டு’ என்னும் சொல், தமிழில் ‘தடித்த எழுத்து’ என நீள்கிறது. அளவு மாறாத பெட்டியில் அது பாதியில் நின்றுவிட்டால், தமிழில் மென்பொருளைப் பயன்படுத்துபவர் பொத்தானின் பொருளை ஊகித்தே அறிய வேண்டும். தன்னார்வலர்கள் பல ஆண்டுகள் உழைத்துப் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் புதிய முறைக்கு மாற்றினர். அம்முறையில் சொல்லின் நீளத்திற்கேற்ப இடம் தானே விரியும். அவ்வழியில் அமைந்த கோப்புகளே நோட்புக்பாருக்கும் அடிப்படையாயின. முன்னோர் சமன்செய்த நிலத்தின்மேல்தான் மாணவரின் மூன்று மாத உழைப்பு எழுந்து நின்றது.

அடைக்கப்படாத பழைய வாயில்

2017ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிவந்த லிப்ரே ஆஃபிஸ் 5.3 பதிப்பில் நோட்புக்பார் இடம்பெற்றது. எனினும் அது ‘சோதனை நிலை’ என்ற குறிப்போடுதான் வெளியானது. விரும்பியவர் அதனை இயக்கிப் பார்க்கலாம். ஏனையோரின் திரையில் எம்மாற்றமும் இல்லை. குறைகள் சுட்டப்பட்டன, வேறு பலர் வந்து திருத்தினர், புதிய வடிவங்களைச் சேர்த்தனர். 2019 பிப்ரவரியில் 6.2 பதிப்பு வெளியானபோதுதான் சோதனை நிலையைக் கடந்து பொதுப் பயன்பாட்டிற்கு அது வந்தது. மூன்று மாதத்தில் நடப்பட்ட கன்று நிழல் தருவதற்கு இரண்டரை ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று. அதற்கு நீரூற்றிய கைகள் பல.

அப்போதும் பழைய பட்டிகள் நீக்கப்படவில்லை. பயனர் தாமே மாற்றாதவரை வழக்கமான இடைமுகமே தோன்றியது. ‘பார்வை’ பட்டியினுள் சென்று தமக்கு உகந்த இடைமுகத்தை அவர் தேர்ந்துகொள்ளலாம். இரு முகப்புகளைப் பேணுவது உருவாக்குவோர்க்கு இரட்டிப்பு உழைப்பு. ஒரே வசதியை இரண்டு இடங்களில் சரிபார்க்க வேண்டும். கற்பிப்போரும் இரண்டையும் விளக்க வேண்டும். ஒன்றை நீக்கியிருந்தால் வேலை எளிதாகியிருக்கும். ஆனால், அந்த எளிமைக்குரிய விலையைப் பயனரே செலுத்த நேர்ந்திருக்கும்.

நாள்தோறும் நூறு விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்து வாழ்பவருக்குப் பட்டியில் மூன்றாவது வரி என்பது கண்ணால் காணாமலே கை சென்றடையும் இடம். அதை அகற்றினால் அவருடைய ஒரு நாள் கூலியில் சில மணித்துளிகள் குறையும். இன்று முதன்முதலாகக் கணினிமுன் அமரும் மாணவிக்கோ அந்தப் பட்டி ஒரு காடு. தொகுத்துக் காட்டும் புதிய பட்டையே அவருக்கு வழி. இவ்விருவருள் ஒருவரை மகிழ்விக்க மற்றவரைப் புறக்கணித்தல் எளிது. இருவரையும் கருத்தில் கொள்ளுதல் கடினம். அக்கடின வழியைத் தேர்ந்ததே இந்தச் சீரமைப்பின் சிறப்பு.

புதுமை செய்ய விழையும் இளையோர்க்கு இதில் ஒரு படிப்பினை இருக்கிறது. பழையதைக் காணும்போது ‘இது ஏன் இவ்வளவு சிக்கலாக இருக்கிறது?’ என்று கேட்பது நல்ல தொடக்கம். ‘இதனோடு யாருடைய கை பழகியிருக்கிறது?’ என்பது அதற்கடுத்துக் கேட்க வேண்டிய வினா. முதல் வினா புதியதைப் படைக்கத் தூண்டும். இரண்டாவது வினா அப்படைப்பைப் பிறர்க்குப் பயன்படச் செய்யும். மூலநிரல் திறந்திருப்பதால் முதல் வினாவைக் கேட்கும் உரிமை எவர்க்கும் உண்டு. இரண்டாவது வினாவைக் கேட்கும் பொறுப்பு, திருத்த முனையும் ஒவ்வொருவரையும் சார்ந்தது.