ஜோடி சேராத சக்கரங்கள்

ராசிபுரத்திலிருந்து ஆண்டகளூர் கேட்டுக்குப் போகும் சாலையில் ஒரு டயர் கடை. தகரக் கூரை. வாசலில் லாரி டயர்கள் ஆள் உயரத்துக்கு அடுக்கி நிற்கின்றன. குச்சிக்கிழங்கு ஏற்றிய டிராக்டர் ஒன்று ஜவ்வரிசி மில் பக்கமாக உறுமிக்கொண்டு போகிறது. தொலைவில் போதமலை. பேலன்சிங் முடியக் காத்திருப்பவர்களுக்காகச் சுவரோரம் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்தால் கடை முழுவதும் தெரியும்.

வெள்ளை ஸ்விஃப்ட் ஒன்று வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். பக்கத்து இருக்கையிலிருந்து அவன் அப்பா இறங்குகிறார். அவருக்கு வலது கை மட்டும் முழங்கை வரை நன்றாகக் கறுத்திருக்கிறது. பல வருஷம் லாரி ஜன்னலில் வெயில் வாங்கிய கை.

"அண்ணா, மீட்டர்ல ஒரு மஞ்ச லைட் அணையவே மாட்டேங்குதுங்க. கார் வழுக்கற மாதிரி படம் போட்டிருக்குதே, அது. கொல்லிமலை ஏறறப்ப விட்டு விட்டு எரிஞ்சுச்சு. எவ்வளவு மிதிச்சாலும் வண்டி இழுக்கல. இப்ப நிலையா நின்னுடுச்சு."

கடைக்காரர் பானெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. முன் சக்கரத்தருகே குந்தி உட்கார்ந்து, டயரின் பக்கவாட்டுத் தூசியைக் கட்டைவிரலால் துடைத்துப் படிக்கிறார். எழுந்து பின்னால் போய் அங்கேயும் படிக்கிறார்.

"பின்னாடி எப்பங்க தம்பி மாத்துனீங்க?"

"போன மாசங்க. சிநேகிதன் ஒருத்தன் அலாயோட குடுத்தான். பட்டன் நல்லா இருந்துச்சு. வண்டியும் கொஞ்சம் தூக்கலா இருக்கும், வேகத்தடையில அடி தட்டாதுன்னு போட்டேன்."

"முன்னாடி 185/65 ஆர் 15. பின்னாடி 205/65 ஆர் 15. ரெண்டும் பதினஞ்சு இஞ்சுன்னு பாத்தீங்க. மத்த நம்பரைப் பாக்கலீங்க."

சுவரில் மாட்டியிருக்கும் பலகையை எடுத்துச் சாக்கட்டியால் கணக்குப் போடுகிறார். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு டயர்ச் சுவரின் உயரம் என்பது. 15 இஞ்சு உள்ளே இருக்கும் ரிம்மின் விட்டம். மூன்றையும் சேர்த்தால் முன் டயரின் மொத்த விட்டம் 621.5 மி.மீ. பின் டயர் 647.5 மி.மீ. வித்தியாசம் 26 மி.மீ. அதில் பாதிதான், 13 மி.மீ., வண்டியைத் தூக்கும். பையன் ஆசைப்பட்ட உயரம் ஒரு விரல் அகலம்கூட வரவில்லை.

ஆனால் அந்த 26 மி.மீ. வேறோர் இடத்தில் பெரிய கணக்காகிவிட்டது. ஒரு கிலோமீட்டர் போனால் முன் சக்கரம் சுமார் 512 சுற்றுச் சுற்றுகிறது, பின் சக்கரம் சுமார் 492 சுற்று. ஒவ்வொரு சக்கரத்திலும் வேகத்தை எண்ணும் சென்சார் ஒன்று உண்டு. 2019 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் புதிய கார்களுக்கு, பிரேக் பிடிக்கையில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் கட்டாயம் ஆனபோது சின்னக் கார்களிலும் இந்தச் சென்சார்கள் நிலைத்துவிட்டன. வழுக்கலைத் தடுக்கும் இஎஸ்சி என்ற மின்னணு நிலைத்தன்மை அமைப்பும் இதே சென்சார்களைத்தான் நம்பியிருக்கிறது. 1995இல் போஷ் நிறுவனத்தின் தயாரிப்பாக மெர்சிடிஸ் காரில் வந்த ஏற்பாடு அது. 2023 அக்டோபர் 1 முதல் நடப்பிலிருக்கும் பாரத் என்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனையில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வாங்க வேண்டுமானால் அது இருந்தாக வேண்டும். அன்று பணக்கார வண்டியின் பொருள், இன்று ராசிபுரம் தெருவில் நிற்கும் ஸ்விஃப்டில் இருக்கிறது.

இஎஸ்சி செய்யும் வேலை சாதாரணமானதல்ல. ஸ்டியரிங் எவ்வளவு திரும்பியிருக்கிறது, வண்டி நிஜமாக எவ்வளவு திரும்புகிறது, பக்கவாட்டில் எவ்வளவு தள்ளப்படுகிறது என்று நொடிக்கு 25 முறை ஒப்பிட்டுப் பார்க்கிறது. வளைவில் முன்பக்கம் வெளியே தள்ளிப் போனால் உள்பக்கப் பின் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடிக்கும். பின்பக்கம் வீசினால் வெளிப்பக்க முன் சக்கரத்தைப் பிடிக்கும். ஒரே ஒரு சக்கரத்தை மட்டும் பிடிக்க எந்த டிரைவரின் காலாலும் முடியாது.

இந்தக் காரில் இழுவை முன் சக்கரத்துக்கு. அது எந்நேரமும் பின் சக்கரத்தைவிட 4 சதவீதம் வேகமாகச் சுற்றினால் அமைப்பு என்ன நினைக்கும்? முன் சக்கரம் பிடிமானம் இழந்து வழுக்குகிறது என்று நினைக்கும். உடனே என்ஜினின் இழுவையைக் குறைக்கும். கொல்லிமலை அடிவாரத்துக் காரவள்ளியைத் தாண்டி ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இவன் மிதிக்க மிதிக்க வண்டி சோர்ந்ததற்குக் காரணம் அதுதான். கணக்கு எப்படியும் ஒத்துவராததைக் கண்டு கடைசியில் அமைப்பு தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. விளக்கு விட்டு விட்டு எரிந்தால் அமைப்பு வேலை செய்கிறது என்று அர்த்தம். நிலையாக எரிந்தால் வேலையில் இல்லை என்று அர்த்தம்.

இத்தனையும் கடைக்காரர் சொல்லச் சொல்லப் பையன் மண்டையில் பாதிதான் ஏறுகிறது. அப்பா பேசுகிறார்.

"ஏன் கண்ணு, லாரியில பின்னாடி ஜோடி டயர் போடறமே, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசா போடுவமா? பெருசு முழு லோடையும் தூக்கிச் சூடாகி வெடிக்கும். சிறுசு ரோட்டுல தேஞ்சே போகும். நாடா வெச்சு சுத்தளவு அளந்துதானே ஜோடி சேப்போம். ஏங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா வேண்டாம்னு சொல்லியிருப்பனே."

கடைக்காரர் சாக்கட்டியைக் கீழே வைக்கிறார். "அதேதானுங்க பெரியவரே. லாரியில டயர் வெடிச்சுக் காட்டும். இதுல லைட்டைப் போட்டுக் காட்டுது."

பையன் விடவில்லை. "அப்ப நாலுக்கும் 205 போட்டுட்டா சரியாயிடுங்களா?"

நல்ல கேள்வி. நான்கும் ஒன்றானால் சக்கரங்களுக்குள் சண்டை இல்லை, விளக்கும் எரியாமல் போகலாம். ஆனால் மீட்டர் கணக்கில் 80 என்றால் நிஜத்தில் 83. வேகத்தைத் தப்பாகப் படிக்கும் அமைப்பு, வண்டி எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதையும் தப்பாகத்தான் கணிக்கும். சக்கரம் பெரிதானதால் அதே மிதிக்குச் சாலையில் கிடைக்கும் பிரேக் விசையும் சுமார் 4 சதவீதம் குறையும். டயர்ச் சுவர் உயர்ந்தால் வளைவில் அது கூடுதலாக மடங்கும்; ஸ்டியரிங்குக்கு வண்டி பதில் சொல்ல நேரமாகும். குறித்த அளவு டயரைப் போட்டுச் சோதனைத் தடத்தில் ஓட்டிப் பார்த்து அமைப்பில் பதிந்த கணக்கு அது. விளக்கு எரியவில்லை என்பதால் கணக்கு சரியாகிவிடாது.

"பெரிய ரிம் போடவே கூடாதுன்னு நான் சொல்லலீங்க தம்பி. இதே வண்டிக்குக் கம்பெனியே ரெண்டு அளவு குடுக்குது. குறைஞ்ச மாடலுக்கு 165/80 ஆர் 14. மேல இருக்கறதுக்கு 185/65 ஆர் 15. கூட்டிப் பாருங்க."

பையன் போனில் கூட்டுகிறான். 619.6. 621.5. ரிம் ஒரு இஞ்சு பெரிதாகியும் மொத்த விட்டத்தில் வித்தியாசம் 2 மி.மீ.கூட இல்லை. திரும்பவும் ஒரு முறை கூட்டிப் பார்க்கிறான். இப்போதுதான் அவன் முகம் தெளிகிறது.

185/65 அளவில் இரண்டு புது டயர் எடுக்கிறார்கள். டயர்ச் சுவரில் அளவையடுத்து இருக்கும் 88 என்ற எண்ணையும் கடைக்காரர் தொட்டுக் காட்டுகிறார். ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதன் குறி அது. அப்பா பழக்கத்தில், "புதுசை முன்னாடி போடுப்பா" என்கிறார். லாரியில் புது டயர் முன்னால்தான். காரில் புதுசு பின்னால் போகட்டும் என்கிறார் கடைக்காரர். மழை ரோட்டில் முன்பக்கம் வழுக்கினால் கால் எடுத்துச் சமாளிக்கலாம். பின்பக்கம் வீசினால் வண்டியே சுழன்றுவிடும். எந்த அமைப்பும் டயருக்குப் பிடிமானம் இருந்தால்தான் காப்பாற்றும். இல்லாத பிடிமானத்தை உண்டாக்க அதனால் முடியாது. பெரியவர் ஒரு கணம் யோசித்துத் தலையாட்டுகிறார்.

ஜாக்கி இறங்குகிறது. கடைக்காரர் காற்று அளவைச் சரிபார்த்து, கம்ப்யூட்டரை மாட்டிப் பழைய பிழைப் பதிவை அழித்து, ஆண்டகளூர் கேட் வரை ஓட்டிக்கொண்டு வரச் சொல்கிறார். திரும்பி வரும்போது மஞ்சள் விளக்கு இல்லை.

உங்கள் வண்டியைச் சோதித்துப் பார்க்கப் பெட்ரோல் பங்க்கில் நிற்கிற நேரம் போதும். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய டயர் அளவும் காற்று அளவும் அதில் அச்சாகியிருக்கும். அதையும் நான்கு டயர்களின் பக்கவாட்டு எண்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்று மாறியிருந்தாலும் மலை ஏறாதீர்கள். முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.