மென்குண்டு

எம் பாட்டனார் பிரெஞ்சுப் படையில் ஊழியஞ்செய்து ஓய்வுபெற்ற சொல்தா. மாலைதோறும் புதுவையில் பெத்தாங்க் ஆடுவார். பிரெஞ்சு ஆட்சி 1954இல் நீங்கியும் எம் நகரைவிட்டு நீங்காத ஆட்டம் அது. தென்பிரான்சின் லா சியோத்தா என்னும் ஊரில், 1910ஐ ஒட்டி, வாதநோயால் ஓட இயலாத ஒருவர் பொருட்டுத் தோன்றியது. ஆதலின் பாதங்களை ஊன்றி நின்றே குண்டை எறிதல் வேண்டும்.

குண்டு உள்ளீடற்ற எஃகாலாயது. காய்ச்சிய எஃகுத் துண்டைத் தட்டாக அழுத்தி, அரைக்கோளமாக வளைத்து, இரண்டினைப் பற்றவைத்துப் பதமூட்டுவர். எடை 650 முதல் 800 கிராம் வரை. எதிரியின் குண்டை அடித்து விலக்கும் வல்லுநர் மென்பதமுடையதையே விரும்புவர். அது மிகத் துள்ளாது, அடித்த இடத்தருகே தங்கும். கால்ப் ஆட்டத்திலும் கைதேர்ந்தோர் பலர், காய்ச்சியடித்த மெல்லெஃகுக் கோலையே நாடுவர். அது பிழையை மறைக்காது என்பர். கைக்கு உடனே உணர்த்திவிடுமாம்.

கல்லூரி விடுமுறையில் இல்லம் சென்ற யாம், பாட்டனாரின் மென்குண்டுகளைக் கேளாமல் எடுத்துச் சென்றோம். நண்பர்முன் வல்லுநராய்த் தோன்ற ஆசை. பன்முறை எறிந்தும் ஒன்றும் இலக்கிற் படவில்லை. ஓரத்துக் கருங்கல்லில் மோதி வடுப்பட்டன. மென்பதம் வடுவையும் எளிதில் ஏற்கும் என்பதை அன்று அறிந்தோம்.

பாட்டனார் சினந்திலர். வடுவைத் தடவியவாறே, "தம்பி, குண்டை எடுத்தாய், என் கையை எங்ஙனம் எடுப்பாய்?" என்றார்.

சென்ற ஆண்டு அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். குண்டுகள் இன்று எம்முடையவை. ஆயினும் யாம் பழகுவது இரவல் வன்குண்டாலேயே. அவ்வடுக்களுக்கு விடைசொல்லும் கை வாய்க்கும்வரை அவை பெட்டியிலேயே இருக்கும்.