பனியன் ஊரில் நூலகம் யாருக்காக?

நவம்பர் 14 முதல் 20 வரை நாடெங்கும் தேசிய நூலக வார விழா நடக்கிறது. அதில் தொடங்கி, பொங்கல் கழிந்து திருப்பூர்ப் புத்தகத் திருவிழா வரும் வரையுள்ள பனிக்காலத்தில்தான் இந்த ஊரில் புத்தகப் பேச்சு அதிகம் காதில் விழும். இந்த நாட்களில் பொது நூலகங்களில் பொதுவாக நடப்பவை மாணவர்களுக்கான பேச்சுப்போட்டி, ஓவியப்போட்டி, ஒரு சிறப்புரை, புதிய உறுப்பினர் சேர்க்கை. எல்லாம் நல்லவைதான். ஆனால் காதர்பேட்டையையும் அதைச் சுற்றியுள்ள சந்துகளையும் நிரப்பி நிற்கிற ஓவர்லாக் டெய்லருக்கும், அவருக்கு உதவும் கைமடிக்கும், செக்கிங் மேசையில் நிற்கும் பெண்ணுக்கும், கடையில் பண்டல் பிரிக்கும் இளைஞனுக்கும் இவற்றில் இடம் எங்கே? இந்த ஊர் நூலகத்தின் முதல் வாசகர் பனியன் தொழிலாளிதான் என்பது என் உறுதியான எண்ணம். நிகழ்ச்சிக்கு நாள் குறிப்பதும் புத்தகம் பரிந்துரைப்பதும் அவரை மனத்தில் வைத்தே தொடங்க வேண்டும்.

இதை யாரும் சலுகையாக நினைக்க வேண்டியதில்லை. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாகப் பொது நூலகச் சட்டம் இயற்றிய மாகாணம் சென்னை, ஆண்டு 1948. அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். 1903-இல் இதே திருப்பூரில் பிறந்தவர். பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்துக்கு வழிவகுத்தவரும் அவரே. அந்தச் சட்டத்தின் வழியில்தான் இன்றும் சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலக வரியாக வசூலாகிறது. பனியன் கம்பெனிக் கட்டடமும் கட்டுகிறது, லைன் வீடும் கட்டுகிறது. லைன் வீட்டுக்காரர் கட்டும் வரி குடியிருப்பவர் தரும் வாடகையிலிருந்துதான் வருகிறது. ஆக, நூலகத்துக்கு உள்ளேயே வராத தொழிலாளியும் அதற்குப் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

“காலை எட்டரைக்குப் போய் இரவு எட்டரைக்கு வருகிறவர் எப்போது படிப்பார்?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒன்றரை ஷிப்ட் முடித்து வரும்போது எந்த நூலகமும் திறந்திருக்காது. திறந்திருந்தாலும் உடம்பு கேட்காது. ஆனால் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்பது இந்த ஊரின் வாரக் கணக்கு. கிளை நூலகங்களுக்கோ வார விடுமுறை வெள்ளிக்கிழமை. ஞாயிறு கதவு திறந்திருக்கிறது என்பதே நம் கையில் உள்ள பெரிய வசதி. பனிக்கால நிகழ்ச்சிகளை ஞாயிறு மாலைக்கு மாற்றினால் பாதித் தடை விலகும்.

மீதிப் பாதி களைப்பு. வாரம் முழுவதும் ஊசிமுனையையும் தையலையும் பார்த்துச் சோர்ந்த கண்ணிடம் இருநூறு பக்கத்தை நீட்ட முடியாதுதான். அதற்கு உழைப்பாளிகளே கண்ட வழி ஒன்று உண்டு. கேரளத்தின் கண்ணூர்ப் பக்கம் பீடித் தொழிலாளர்கள் தங்களில் ஒருவரைச் செய்தித்தாளும் கதையும் உரக்க வாசிக்க வைத்தார்கள்; அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் சுற்றிக் கொடுத்தார்கள். கியூபாவின் சுருட்டு ஆலைகளில் 1865 முதலே வாசிப்பவர் என்றொரு வேலை இருந்தது. தொழிலாளர்கள் சொந்தக் காசில் அவருக்குக் கூலி கொடுத்தார்கள். இயந்திரம் இரையும் பனியன் கம்பெனியில் இது நடக்காது. நூலகக் கூடத்தில் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் நடக்கும். ஒருவர் வாசிக்க இருபது பேர் கேட்டால், எழுதப் படிக்கத் தடுமாறுகிறவரும் அந்த இருபதில் ஒருவராக உட்காரலாம்.

எதை வாசிப்பது? காதர்பேட்டைக் கடையில் வாடிக்கையாளர் வந்து நின்றதும் “யாருக்கு, என்ன வயசு?” என்றுதான் கேட்பார்கள், அதன் பிறகே பண்டலைப் பிரிப்பார்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்று நூலக அறிவியலாளர் எஸ். ஆர். இரங்கநாதன் 1931-இல் வகுத்த விதியும் அதையேதான் கேட்கச் சொல்கிறது. அப்படிக் கேட்டால் இந்த ஊருக்கான பட்டியலில் முதலில் வருவது எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’. பனியன் தொழிலோடு சேர்ந்து வளர்ந்த, அதில் சிதைந்த இளைஞர்களின் நாவல் அது. அடுத்து சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’. நொய்யல் ஆறு சாயக்கழிவால் நிறம் மாறிய கதையை அதில் படித்தவருக்கு, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஏன் உத்தரவிட்டது என்று யாரும் விளக்க வேண்டியிருக்காது. நெசவாளர் பசியைச் சொல்லும் ரகுநாதனின் ‘பஞ்சும் பசியும்’ மூன்றாவது. நிலத்தில் தன் பங்கைக் கேட்டு நிற்கும் கைம்பெண்ணைக் கொங்குப் பேச்சிலேயே காட்டிய ஆர். சண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ நான்காவது. தன் வேலையும் தன் பேச்சும் அச்சில் இருப்பதைக் கண்டவர் அடுத்த புத்தகத்தைத் தானே தேடி எடுப்பார்.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளத்திலிருந்து இங்கே பனியன் வேலைக்கு வந்தவர்களுக்குத் தமிழ்நாட்டு வரிப் பணத்தில் புத்தகம் எதற்கு என்ற கேள்வியும் எழும். அந்த வரியில் அவர்களுடைய வாடகையும் இருக்கிறது என்பது ஒரு பதில். சண்முகசுந்தரம் இன்னொரு பதில். இன்றைய திருப்பூர் மாவட்ட எல்லைக்குள் இருக்கும் தாராபுரம் வட்டாரத்துக்காரர் அவர். வங்கத்தின் ‘பதேர் பாஞ்சாலி’யைத் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அந்த நாவலை ஒரு ஞாயிறு மாலை தமிழிலும் வங்காளியிலும் ஒரு பக்கம் மாற்றி ஒரு பக்கம் வாசித்தால், ஒரே மேசையில் ஆண்டுக்கணக்காக வேலை பார்த்தும் பெயர்கூடத் தெரியாதவர்கள் பேசத் தொடங்குவார்கள். இந்தி, ஒடியா, வங்காளிப் புத்தகங்களுக்கு ஓர் அலமாரி ஒதுக்குவதால் தமிழ் குறைந்துவிடாது. அவர்கள் பிள்ளைகள் நம் பள்ளிகளில் தமிழ்தானே படிக்கிறார்கள்.

எல்லாம் கைபேசியில் கிடைக்கிறதே என்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: கைபேசி தனித்தனியாகப் பார்க்கச் செய்யும், சேர்ந்து உட்கார வைக்காது. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் நாற்காலியையும் யாரும் பறிக்க வேண்டாம். நான் கேட்பது வாரத்தில் ஒரு மணி நேரம். ஆள் பற்றாக்குறை உண்மைதான். அந்தச் சுமையை நூலகர் தலையில் மட்டும் ஏற்றாமல் வாசகர் வட்டமும் தொழிற்சங்கமும் பங்கிட்டுக்கொள்ளலாம். கம்பெனி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சனிக்கிழமை சம்பளக் கவரோடு நூலக உறுப்பினர் படிவம் ஒன்றையும் கொடுங்கள், கையெழுத்துப் போட்டுப் பரிந்துரையுங்கள். உறுப்பினர் கட்டணம் ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவைத் தாண்டாது. இந்தப் பனிக்காலத்திலேயே தொடங்கலாம்.