எந்தக் கோழி வாங்கலாம் டாக்டர்? (ஒரு கோழி த்ரெட்)

1/ "வீட்டுல நாலு கோழி விடலாம்னு இருக்கேன் டாக்டர், எந்த ரகம் நல்லது?" சுகர் மாத்திரை எழுதி முடிக்கும்போது அடிக்கடி வர்ற கேள்வி. நான் கால்நடை டாக்டர் இல்லை. ஆனா இதுல கையைச் சுட்டுக்கிட்டவன். அதனால இந்த த்ரெட்.

2/ பிள்ளைச்சாவடியில அம்மா வீட்டுக் கொல்லையில எப்பவும் சிறுவிடைக் கோழிதான். சின்ன உடம்பு. பெட்டை ஒன்றரை கிலோ வந்தா பெரிசு. பத்துப் பதினஞ்சு முட்டை வச்சதும் தானா அடைக்கு உட்காரும். 21 நாள்ல குஞ்சு. முட்டைக் காசுதான் அம்மா யாரையும் கேட்காம செலவு பண்ற காசு.

3/ எனக்கு அது போதலை. கடக்நாத்துக்கு நல்ல விலைன்னு கேள்விப்பட்டு, போன வருஷம் பங்குனியில 12 குஞ்சு வாங்கிட்டு வந்தேன். அன்னிக்கே அம்மாவோட கோழிகளோட சேர்த்து விட்டேன்.

4/ எட்டாம் நாள் ஒரு குஞ்சு கழுத்தை முறுக்கிக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் வெள்ளையும் பச்சையுமா கழிச்சல். ரெண்டு வாரத்துல 12 குஞ்சும் போச்சு. அம்மாவோட 17 கோழியில 14 போச்சு. வெள்ளைக்கழிச்சல், அதாவது ராணிக்கெட். வைரஸ் நோய். வந்துட்டா குணப்படுத்த மருந்து கிடையாது.

5/ குழியில சுண்ணாம்பு தூவி மூடும்போது அம்மா கேட்டாங்க: "ஊர்ப் புள்ளைங்களுக்கெல்லாம் தடுப்பூசி அட்டை எங்கன்னு கேக்குற. நம்ம கோழிக்கு ஒரு நாளாவது கேட்டியா தம்பி?" என்கிட்ட பதில் இல்லை.

6/ இப்போ ரகங்களுக்கு வர்றேன். கடக்நாத்: மத்தியப் பிரதேசம் ஜாபுவா பகுதிக் கோழி. 2018ல புவிசார் குறியீடு கிடைச்சது. கறுப்புக்குக் காரணம் மெலனின். அது சுகரைக் குறைக்காது, மாத்திரையை நிறுத்திடாதீங்க. அடைக்கு ஒழுங்கா உட்காராது. இன்குபேட்டர் வேணும், இல்லைன்னா வேற கோழிக்கு அடியில வைக்கணும்.

7/ பெருவிடை: நெட்டைக் கால், கெட்டி உடம்பு. நல்ல சேவல் 4 கிலோ வரைக்கும் வரும். கறிக்கு விலை உண்டு, முட்டை குறைவு. ரெண்டு சேவலை ஒரே கொல்லையில விட முடியாது, அடிச்சுக்கும். இடம் இருக்கிறவங்களுக்குத்தான் சரிப்படும்.

8/ வனராஜா, கிராமப்ரியா: ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கினது. வீட்டுக்கு முட்டை மட்டும் போதும்னா நல்ல தேர்வு, வருஷத்துக்கு நூறுக்கு மேல வைக்கும். ஆனா கலப்பு ரகம். அடைக்கு உட்காராது, அடுத்த தலைமுறையும் அதே மாதிரி வராது. ஒவ்வொரு தடவையும் குஞ்சு காசு கொடுத்துத்தான் வாங்கணும்.

9/ சிறுவிடை: வருஷத்துக்கு 60-80 முட்டைதான். ஆனா நொய், கரையான், மீன் குடல்னு கிடைச்சதைத் தின்னு வளரும். எங்க வீட்டுல மிஞ்சினது ரெண்டு பெட்டை, ஒரு சேவல். ஆடியில ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்துச்சு. பைசா செலவில்லாம 9 குஞ்சு. சின்ன அளவுல வளர்க்கிறவங்களுக்கு முதல்ல பார்க்க வேண்டிய குணம் இந்த அடைதான். எடையும் முட்டைக் கணக்கும் அப்புறம்.

10/ ஆனா எந்த ரகமா இருந்தாலும் தடுப்பு மருந்து கட்டாயம். முதல் வாரத்துல கண்ணுலயோ மூக்குலயோ ஒரு சொட்டு, நாலாவது வாரத்துல லசோட்டா, எட்டு வாரத்துக்கு மேல ஊசி. நாட்டுக்கோழிக்கு நோய் வராதுங்கறது பொய். என் கொல்லையே சாட்சி.

11/ ஒரு குப்பியில நூறு கோழிக்கு மேல போடலாம். கலக்கிட்டா சில மணி நேரத்துல தீர்த்துடணும். பத்துக் கோழிக்காரர் தனியா வாங்கினா வீண்தான். தெருவா சேர்ந்து ஒரே நாள்ல போடுங்க. பக்கத்து கால்நடை மருந்தகத்துல கேளுங்க. வில்லியனூர் பக்கத்துக்காரங்களுக்குக் குருமாம்பேட் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

12/ புதுசா வாங்கின கோழியை 3 வாரம் தனியா அடைங்க. நான் செய்யாதது இதுதான். நோய் வந்த கோழியை அவசரமா வித்துடாதீங்க, அது அடுத்த தெருவுக்கு நோயைக் கொண்டு போகும்.

13/ கடைசியா ஒண்ணு. முட்டை ஓட்டோட நிறம் ரகத்தைப் பொறுத்தது, சத்தைப் பொறுத்தது இல்லை. வெள்ளையோ பழுப்போ, ஒரு முட்டையில 5-6 கிராம் புரதம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் எந்த முட்டை கிடைக்குதோ அதைச் சாப்பிடுங்க.

14/ இப்ப அம்மா வீட்டுக் காலண்டர்ல கோழிக்கு மருந்து போட்ட தேதியெல்லாம் வட்டம் போட்டிருக்கு. போன வாரம் போன் பண்ணி, "லசோட்டாவுக்கு நாளாச்சு, மறந்துடாத"ன்னாங்க. எனக்கே ரிமைண்டர்.