அக்ரூட் மரத்தடியில் அம்மா

"காஷ்மீர் போகலாமாம்மா?" என்று கேட்டதும், "அங்கே குளிருமேடி!" என்றாள் அம்மா. அரைமணி கழித்து, "எங்கேயோ போகணும்னியே, எங்கே?" என்றாள். 76 வயது அம்மாவின் இந்த மறதிதான் இப்போது எங்கள் வீட்டுக் கவலை.

செப்டம்பர் கடைசியில் ஸ்ரீநகரிலிருந்து டாக்ஸியில் அனந்த்நாக் பக்கம் கிளம்பினோம். பாம்பூரில் குங்குமப்பூ வயல்கள் வெறும் மண்ணாகக் கிடந்தன. அவை பூப்பது அக்டோபர் கடைசிக்கு மேல்தான். அவந்திபுராவின் 9-ஆம் நூற்றாண்டுக் கோயிலை ஜன்னல் வழியாகவே கும்பிட்டுக் கொண்டோம். எனக்கு அவசரம் அக்ரூட் மேல். மூளைக்கு நல்லது என்று ஆளுக்கு ஆள் சொல்லியிருந்தார்களே!

ஒரு கிராமத்தில் டிரைவர் வண்டியை நிறுத்தினார். அடேயப்பா, நம்மூர்ப் புளியமரம் மாதிரி எத்தனை பெரிய மரங்கள்! உச்சிக் கிளையில் ஒருவர் நின்றுகொண்டு நீளக் கம்பால் அடிக்க, பச்சைக் காய்கள் பொலபொலவென்று உதிர்ந்தன. இடுப்பில் கயிறுகூட இல்லை. வருஷா வருஷம் விழுந்து சாகிறவர்களும், முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்கிறவர்களும் உண்டாம். கடையில் விலை கேட்டு முகம் சுளித்தது நினைவுக்கு வந்து வெட்கமாகிப் போயிற்று.

மரத்தடியில் பெண்கள் பச்சைத் தோலை உரித்துக் கொண்டிருந்தார்கள். அதன் சாறு பட்டு எல்லார் கையும் கன்னங்கறேல். அங்கிருந்த ஒரு பாட்டியம்மா பச்சைப் பருப்பின் மெல்லிய கசப்புத் தோலை நீக்கி, பால்வெள்ளையாக அம்மா கையில் வைத்தாள். மென்று பார்த்த அம்மா, "இளந்தேங்கா மாதிரி இருக்குடி" என்றவள், தானும் உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்துவிட்டாள்! அக்ரூட்டோடு தயிர், புதினா, பச்சைமிளகாய் சேர்த்து அரைக்கும் துவையலைப் பாட்டியம்மா கைஜாடையிலேயே சொல்லிக் கொடுத்தாள். அக்ரூட்டுக்கு அங்கே 'டூன்' என்று பெயர். காஷ்மீரப் பண்டிதர்கள் சிவராத்திரிக்குக் கலசத்தில் ஊறவைத்து, உறவுக்காரர்களுக்குப் பிரசாதமாகக் கொடுப்பார்களாம்.

பார்க்க மூளை மாதிரி இருப்பதால் மூளைக்கு நல்லது என்பது வெறும் பேச்சு. உள்ளேயிருக்கும் எண்ணெய்தான் விசேஷம். ஒமேகா 3 வகைக் கொழுப்பு இதில் இருக்கிற அளவுக்கு வேறு கொட்டைப் பருப்புகளில் கிடையாது. கெட்ட கொலஸ்டிராலைக் கொஞ்சம் குறைக்கும். இருதயத்தின் ரத்தக்குழாய்க்கு நல்லது மூளைக்கும் ஆகும் என்பதுதான் கணக்கு. ஸ்பெயினில் பார்சிலோனா நகரத்து முதியவர்களைச் சில வருஷம் கவனித்து 2015-ல் முடிவு வெளியிட்டார்கள். காய்கறி, மீன், பயறு நிறைந்த சாப்பாட்டோடு தினம் 30 கிராம் கொட்டைகள் (பாதி அக்ரூட், மீதி பாதாமும் ஹேசல் கொட்டையும்) சாப்பிட்டவர்களுக்கு ஞாபகசக்தி ஓரளவு நன்றாக இருந்தது. ஆனால் பார்சிலோனாவிலும் அமெரிக்காவின் லோமா லிண்டாவிலும் ஆரோக்கியமான முதியவர்களை 2 வருஷம் தினமும் அக்ரூட் சாப்பிட வைத்துப் பார்த்தபோது, மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. பார்சிலோனாக்காரர்களுக்கு மட்டும் சிறு பலன். 2020-ல் வந்த முடிவு இது. நல்ல சாப்பாடுதான், மறதிக்கு மருந்தில்லை என்று மனசைத் தேற்றிக் கொண்டேன். ஊர் திரும்பியதும் முதல் வேலையாக டாக்டரிடம் போனோம். தைராய்டு, வைட்டமின் பி12 குறைந்தாலும் மறதி வருமென்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

வாங்குகிறவர்கள் ஓட்டோடு வாங்குங்கள். உடைத்த பருப்பு வெயிலில் காறிப்போகும், ஃப்ரிட்ஜில் வையுங்கள். முழுசாக 6, 7 போதும், அதுவே 30 கிராம் வந்துவிடும். பல் இல்லாதவர்களுக்கு ராத்திரி ஊறவைத்து அரைத்துக் கொடுக்கலாம். கட்டுப்படியாகவில்லையா, நம்ம வேர்க்கடலையும் இருதயத்துக்கு நல்லதுதான். கொட்டைப் பருப்பு அலர்ஜி இருந்தால் மட்டும் தொடவே கூடாது.

அந்த மரத்தடிக்குப் போய்வந்த மறுநாள் காலை, அம்மா தன் விரல்களையே பார்த்துக் கொண்டிருந்தாள். "மருதாணி வெச்சியாடி? இப்படிக் கறுத்திருக்கே!"

மரம், கம்பு, பாட்டியம்மா என்று முழுக் கதையையும் திரும்பச் சொன்னேன். பேசாமல் கேட்டுவிட்டு, "துவையலுக்குப் புதினா போடணும், இல்லே?" என்றாள்.

கறை போக இரண்டு வாரமாயிற்று. இப்போது ராத்திரி அக்ரூட் ஊறப்போடுவது அம்மா வேலை. சில நாள் மறந்துவிடுகிறாள். சில நாள் இரண்டு தடவை போட்டுவிடுகிறாள். அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் துவையல்!