நரியின் தடம் காட்டிய மலை

இங்கிலாந்தின் யோக்சயர் பகுதியிலே பக்டன் பைக் என்றொரு மலை உண்டு. உயரம் 702 மீற்றர். சென்ற கோடையில் என் பெறாமகள் என்னை அங்கு அழைத்துச் சென்றாள். செம்மறிகள் மேயும் சரிவில் மெல்ல மெல்ல ஏறினோம். மேலே போகப்போக நிலம் ஈரமாகிச் சப்பாத்துக்குள் தண்ணீர் புகுந்தது. உச்சியைத் தாண்டி, கல்மதில் ஓரமாகத் தெற்கே நடந்தபோது அந்தச் சிலுவை தெரிந்தது.

1942 ஜனவரி 30ஆம் திகதி வெலிங்டன் ரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்று இவ்விடத்தில் மோதி நொறுங்கியது. அது போருக்குப் போன விமானமல்ல. பிராம்கொட் தளத்திலிருந்து பயிற்சிக்காகப் புறப்பட்டது. அதில் இருந்த ஆறு பேரும் போலந்து நாட்டவர். 1939இல் தாய்நாடு பறிபோக, அந்நிய மண்ணில் நின்று போராட வந்தவர்கள். பனிப்புயலில் வழி தெரியாமல் மலையில் மோதினார்கள்.

நால்வர் இறந்தனர். ஒருவர் படுகாயத்துடன் கிடந்தார். விமானத்தின் வாற்பகுதியில் இருந்த துப்பாக்கி வீரர் யோசெப் புஸ்னியாக்குக்குக் கணுக்கால் முறிந்திருந்தது. காயப்பட்ட தோழரைப் பரசூட் துணியால் போர்த்திவிட்டு, உதவி தேடி அவர் புறப்பட்டார். எங்கும் வெண்பனி, திசை தெரியவில்லை. அப்போது பனியில் நரியின் காலடித்தடம் கண்டார். பசித்த நரி ஊர்ப்பக்கம்தான் போயிருக்கும் என்று எண்ணி, அத்தடத்தின் வழியே தவழ்ந்தும் ஊர்ந்தும் கிறே என்னும் சிற்றூரை அடைந்தார். ஊரவர் அவரைக் காப்பாற்றினர். ஆனால் தேடிச் சென்றவர்களைப் பனி மறித்தது. மலையில் கிடந்த தோழரும் இறந்துபோனார்.

31 வருடங்களின் பின், 1973இல், புஸ்னியாக் இந்தச் சிலுவையை எழுப்பினார். அதன் அடியில் விமானத்தின் உடைந்த துண்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. பக்கத்தில் வெண்கலத்தில் ஒரு நரித்தலை. இறந்த ஐவரின் பெயர்களும் உண்டு. தன்னைக் காப்பாற்றிய ஊரவருக்கும் அவர் அதில் நன்றி பொறித்திருக்கிறார்.

அந்த யுத்தத்தில் பிரித்தானியக் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் மாண்டவர்கள் 55,000 பேருக்கு மேல். அவர்களில் 8,000க்கும் அதிகமானோர் எதிரியால் அல்ல, பயிற்சிகளிலும் விபத்துகளிலும் இறந்தவர்கள். சண்டையில் சாகவில்லை என்பதற்காக ஒரு தாயின் துயரம் குறைந்துவிடுமா?

பெறாமகள் பெயர்களை ஒவ்வொன்றாக உரத்து வாசித்தாள். உச்சரிப்புத் தடுமாறியது. அந்த ஐவரும் எங்களுக்கு யாருமல்லர். ஆனாலும் என் கண்கள் நிறைந்தன. தப்பி வந்தவருக்கு மனம் ஆற 31 வருடங்கள் பிடித்தன. ஆனாலும் அவர் மறக்கவில்லை. திரும்பி வந்து ஒரு கல் நாட்டினார்.

சகோதரிகளே, நம்மில் எத்தனையோ பேருக்குப் போய் நின்று அழ ஓர் இடமில்லை. பெயர் பொறித்த கல்லுமில்லை. கல் இல்லாவிட்டாலும் பெயரைச் சொல்லலாம். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களைச் சொல்லிக் கொடுப்போம்.